நெய்வேலியிலிருந்து வெள்ளிக் கடற்கரைக்கு

1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானதும் பல மாநிலத்தவர் நெய்வேலியில் குடியேறினர். கோடை விடுமுறையில் இக்குடும்பங்களுக்குப் பக்கத்துக் கடல், கடலூர் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரை. 1690-இல் ஆங்கிலக் கம்பெனி வாங்கிய புனித டேவிட் கோட்டை இதன் அருகில்தான் இருக்கிறது. புளியோதரையும் தயிர்சாதமும் தூக்குச்சட்டிகளில் வந்தன.

வீட்டில் கேமரா இருந்தால் அதுவும் வரும். அக்காலத்தில் பரவலாக இருந்தது அக்பா கிளிக் 3. ஒரு 120 பிலிம் சுருளில் பன்னிரண்டே படங்கள். பின்புறச் சிவப்புச் சன்னலில் அடுத்த எண் தெரியும்வரை குமிழைத் திருக வேண்டும். மறந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு படங்கள் பதியும். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் விற்றது. போதிய வெளிச்சத்துக்காக வெயிலைப் பார்த்து நிறுத்தியதால்தான் பழைய படங்களில் எல்லோரும் கண்ணைச் சுருக்கியிருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி தேவனாம்பட்டினத்தைக் கடுமையாகத் தாக்கியது. அதற்கு முந்தைய கரையைக் காட்டும் குடும்பப் படங்கள் அரிய வரலாற்றுச் சான்றுகள். அவற்றை வைத்திருப்போர் பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும் இன்றே பென்சிலால் குறித்து வைக்க வேண்டும்.