பாலர் கையில் ஒரு புத்தகம்

வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியருக்கு முன்னே நிற்கும் முதற் கேள்வி 'எப்படிப் படிப்பிப்பது?' என்பதன்று, 'எதைப் படிப்பிப்பது?' என்பதே. இந்தக் கேள்விக்குத் தாமே விடை எழுதி, தாமே அச்சிட்டும் கொடுத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822 - 1879).

நாவலர் பிள்ளையாயிருந்த காலத்துத் திண்ணைப் பள்ளிகளை எண்ணிப் பாருங்கள். மணலில் விரலால் எழுத்துப் பழக்கம், பிறகு ஏடு. அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என வரிசையாக மனனம். பொருள் பின்னர் விளங்கும் என்பதே நம்பிக்கை. நினைவாற்றலுக்கு அது நல்ல பயிற்சிதான். ஆனால், ஒரு பந்தியைத் தானே வாசித்து விளங்கிக்கொள்ளும் பழக்கம் பிள்ளைக்கு வாய்க்கவில்லை.

மறுபுறத்தில் மிஷன் பாடசாலைகள் இருந்தன. அங்கே வகுப்புப் பிரிவு உண்டு, அச்சுப் புத்தகம் உண்டு. அந்தப் புத்தகத்தினூடே கிறிஸ்தவ போதனையும் உண்டு.

நாவலர் இரண்டு உலகையும் அறிந்தவர். பேர்சிவல் பாதிரியாரின் யாழ்ப்பாணப் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாடசாலை வந்தது, புத்தகம் எங்கே? அடுத்த ஆண்டே அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டார். 'நாவலர்' என்ற பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் வழங்கியதும் அந்தப் பயணத்திலேதான்.

1850, 1851 ஆம் ஆண்டுகளில் முதலாம், இரண்டாம் பாலபாடங்கள் வெளிவந்தன. எழுத்து, சொல், சிறு வாக்கியம் என்று படிப்படியாகப் பிள்ளையை அழைத்துச் செல்லும் முறை அது. நான்காம் பாலபாடத்துக்கு வரும்போது கடவுள், ஆன்மா, கொலை, களவு, கள்ளுண்ணல் எனத் தலைப்பிட்ட கட்டுரைகளை மாணாக்கன் வாசிக்கிறான். சொற்களைச் சந்தி பிரித்தும், குறியீடுகள் இட்டும் நாவலர் எழுதிய வசனம் வாசிப்பவனை மூச்சுத் திணற வைக்கவில்லை. 1852 இல் பெரியபுராணத்தையும் வசனமாக்கித் தந்தார். தமிழ் உரைநடையின் வரலாற்றில் பாடப்புத்தகத்துக்கு இத்தனை பெரிய இடம் இருப்பதை நாம் மறந்துவிடலாகாது.

முறையை மிஷனாரிகளிடமிருந்து பெற்றார்; பொருளைச் சைவ மரபிலிருந்து எடுத்தார். அவர் வெற்றியின் இரகசியம் இதுவே.

ஆனால், தெரிவு என்பது இருபக்கமும் கூரான கத்தி. எதைச் சேர்க்கிறோம் என்பது போலவே, யாரை மனத்திற்கொண்டு எழுதுகிறோம் என்பதும் புத்தகத்தில் பதிந்துவிடும். சாதியாசாரத்தில் நாவலர் இறுக்கமானவர். அந்தப் பார்வை பாலபாடத்திலும் படிந்திருப்பதைப் பிற்கால விமர்சகர்கள் சுட்டிக்காட்டத் தவறவில்லை. பெரியார் ஒருவரின் பணியை மதிப்பதற்கு அவர் குறையை மறைக்க வேண்டியதில்லை.

1980 முதல் எங்கள் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் பாடநூல் தருகிறது. புத்தகம் தேடிக் கடல் கடக்க வேண்டிய நிலை இன்றைய ஆசிரியருக்கு இல்லை. ஆயினும் கையிலுள்ள பாடத்தைப் பிரிக்கும்போது, இதில் என் வகுப்பின் கடைசி வாங்கிற் பிள்ளைக்கும் இடமுண்டா என்று ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். குறைந்தால், ஒரு பக்கம் தாமே எழுதிச் சேர்க்கலாம். நாவலர் தொடங்கியதும் அப்படித்தானே!