மட்டக்களப்பு வாவிக்கரை: குடித்தொகையும் குடும்பமும்

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் 1981 குடிசன மதிப்பீட்டின்படி சுமார் 3.3 இலட்சம் பேர் வாழ்ந்தனர். 2012இல் சுமார் 5.26 இலட்சம். உள்நாட்டுப் போரினால் 2001 கணக்கெடுப்பு முழுமை பெறவில்லை. போரிலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் மாண்டவர்களை இவ்வளர்ச்சி எண்கள் மறைத்துவிடுகின்றன. வாசிப்போர் அதை மறக்கலாகாது.

வாவிக்கரையில் குடும்ப அளவை வீட்டோடு சேர்த்தே பார்க்க வேண்டும். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு; அதாவது குலம் தாய்வழியே தொடரும். வீடு மகளுக்குச் சீதனமாகும். மருமகன் அங்கு வந்து வாழ்வார். பெற்றோர் பெரும்பாலும் அருகே வேறு வீடு கட்டி மற்றப் பிள்ளைகளுடன் பெயர்வர். ஒவ்வொரு மகளுக்கும் வீடு வேண்டும்; ஆகவே பெண்மக்கள் பலரானால் சுமை கடுமையாகும். சன நெருக்கம் மிகுந்த காத்தான்குடி நகரில் காணியே அரிது. ஆயினும் போரில் கணவரை இழந்த பெண்களுக்கு இந்த வீட்டுரிமையே பெரும் காப்பு. முதுமையில் பெற்றோர் ஒதுங்குவதும் பெரும்பாலும் மகள் வீட்டில்தான்.