நிலமும் தேறலும்

அரிசிலாற்றங்கரையிலுள்ள தாராசுரத்தில் இரண்டாம் இராசராச சோழன் ஐராவதேசுவரர் கோயிலை எழுப்பியது கி.பி. 12ஆம் நூற்றாண்டு. அதே நூற்றாண்டில், பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், 1098இல் தோன்றிய சிட்டோ மடத்துத் துறவியர் வூழோ என்னும் ஊரில் கொடிமுந்திரித் தோட்டங்களைச் சேர்த்து வந்தனர். பின்னர் அத்தோட்டத்தைச் சுற்றிக் கல்மதிலும் எழுந்தது. தாராசுரக் கோயில் 2004இலும், பர்கண்டித் தோட்டங்கள் 2015இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. இங்கே போற்றப்பட்டது கல். அங்கே போற்றப்பட்டது மண். மண்ணைப் போற்றும் அந்நோக்கு தமிழர்க்குப் புதியதன்று என்பதையும், அது தமிழில் எங்கே மறைந்து கிடக்கிறது என்பதையும் ஆராய்வது பயனுடையதாகும்.

பர்கண்டியின் மண்

பர்கண்டியின் செம்மதுவுக்குப் பெரும்பாலும் பினோ நுவார் என்னும் ஒரே கொடியும், வெண்மதுவுக்கு ஷார்தொனே என்னும் ஒரே கொடியும் பயன்படுகின்றன. கருந்திராட்சையின் தோலோடு சாற்றை நொதிக்கவிட்டால் செம்மது. பழத்தை முதலிற் பிழிந்து சாற்றை மட்டும் நொதிக்கவிட்டால் வெண்மது. கொடி ஒன்று, செய்முறையும் ஏறத்தாழ ஒன்று. எனினும் சுவைகள் பல. வடக்கே ஷாப்ளியில், பழங்காலக் கிளிஞ்சல் படிந்த சுண்ணாம்பு மண்ணில் விளையும் வெண்மது ஒருவகை. தெற்கே வெயில் மிகுந்த சரிவில் விளைவது வேறுவகை. ஒரே குன்றிலும் நடுச்சரிவின் விளைச்சலே உயர்ந்தது. அடிவாரச் சமவெளியின் விளைச்சல் எளியது. இவ்வேறுபாடுகளைத் தலைமுறை தலைமுறையாகச் சுவைத்தறிந்து, 1,247 துண்டு நிலங்களுக்கு அம்மக்கள் தனித்தனிப் பெயரிட்டுள்ளனர். நிலப்பெயரே மதுவின் பெயராயிற்று. அவ்வுரிமையைப் பிரான்சு 1935இல் சட்டமாக்கிற்று. மண், நீர், வெயில், உழவர் பழக்கம் ஆகிய அனைத்தையும் 'தெர்வார்' என்னும் ஒரே சொல்லுள் அவர்கள் அடக்குவர்.

தொல்காப்பியம் கற்றோர்க்கு இக்கருத்து அயலாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவும் மரமும் தொழிலும் அவ்வவற்றின் கருப்பொருள். ஆயினும் சங்கப் பாடல்கள் கூறும் குடிவகைகளை நிலத்தோடு பொருத்திக் காணும் முயற்சி குறைவாகவே நிகழ்ந்துள்ளது. பிற்கால நிகண்டுகள் தேறல், பிழி, நறவு, அரியல், தோப்பி, மட்டு ஆகியவற்றைக் கள்ளின் பெயர்களாக ஒரே வரிசையில் தொகுத்தன. அதனால் அவை ஒரு பொருட் பன்மொழி என்னும் எண்ணம் நிலைத்தது. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த அறமரபில் இத்தகைய ஆராய்ச்சி கூச்சம் தருவதும் இயல்பே. குடியைப் போற்றுவது வேறு. சொல்லைக் காப்பது வேறு.

யவனர் சாடி

தமிழகத்துக்குக் கொடிமுந்திரி மது கடல்வழி வந்ததற்கு இலக்கியமும் அகழாய்வும் சான்று பகர்கின்றன. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் நல்ல கலத்தில் கொணர்ந்த குளிர்ந்த மணமுடைய தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர நாளும் மகிழ்வாயாக எனப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், இரு கைப்பிடி கொண்ட மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றுட் பல கிரேக்கத்துக் கோஸ் தீவின் சாடி வகையைச் சார்ந்தவை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'எரித்திரேயக் கடற் பெரிப்புளூசு' மேலைக் கடற்கரைத் துறைகளில் மது இறங்கியதைக் குறிக்கிறது. பரிகாசா துறையில் இத்தாலிய மதுவுக்கே முதன்மை என்றும் கூறுகிறது. கப்பலில் வந்த பொருளுக்கும் பிறந்த ஊரே மதிப்பைத் தந்தது.

இவ்வயல்நாட்டு மதுவைக் கள் என்றோ பிழி என்றோ கூறாமல், தேறல் என்றே நக்கீரர் கூறியது நோக்கத்தக்கது.

பிழியும் அரியலும் தேறலும்

பிழிதலாற் பெற்றது பிழி, அரித்தெடுத்தது அரியல், மண்டி அடங்கித் தெளிந்தது தேறல். இவை மூன்றும் செய்முறையின் மூன்று நிலைகள். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பின் அரிசிக் கள்ளை வருணிக்கும் பகுதி இதனைத் தெளிவாக்கும். அரிசியைக் குழையக் காய்ச்சி, அகன்ற வாயுடைய பிழாவில் ஆறவைத்து, புற்றாஞ்சோறு போன்ற முளையடையைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் கழித்து, சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்து அரிப்பர். முளைத்த தானியம் மாவை இனிப்பாக்கும்; இனிப்பு நொதிக்கும். இன்றைய அறிவியல் கூறும் இம்முறையைப் புலவர் படிப்படியாகவே பதிந்துள்ளார். அதே புலவர் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் பருகுவதாகக் கூறும் பிழியோ பனையிலிருந்து பெற்றது. பிழி என்னும் சொல் செய்முறையைச் சுட்ட, நிலமே மூலப்பொருளைத் தந்தது.

குறிஞ்சியின் முறை வேறு. திருமுருகாற்றுப்படை காட்டும் கானவர், நீண்ட மூங்கிற் குழாயில் விளைந்த தேன்கள்ளின் தேறலை உண்கின்றனர். பாரியின் பறம்பு நாட்டை நினைந்து கபிலர் பாடிய புறநானூற்று 120ஆம் பாட்டில், நிலத்திற் புதைத்து முதிர்வித்த மட்டின் தேறல் இடம்பெறுகிறது. மட்டும் தேறலும் ஒன்றாயின் 'மட்டின் தேறல்' என்னும் தொடருக்குப் பொருளில்லை. மட்டு பொருள், தேறல் அதன் தெளிந்த நிலை. பிரான்சில் மரப்பீப்பாய் செய்யும் பணியை இங்கே மூங்கிலும் மண்ணும் செய்தன. இதனை உணர்ந்தால் யவனர் மதுவை நக்கீரர் தேறல் என்றதன் நுட்பமும் விளங்கும். வந்த பொருள் புதிது; அதன் முதிர்ச்சியை அளக்கும் சொல் தமிழில் முன்னரே இருந்தது.

சொல்லின் நிலம்

கொடிமுந்திரி பின்னாளில் தமிழ் மண்ணிலும் வேரூன்றிற்று. கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர்த் திராட்சையை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொணர்ந்தார் என்பது அப்பகுதியின் வழக்கு. அது 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. காவிரி வண்டலுக்கு வாய்த்த கொடி வேறு: அகத்தி நிழலில் படரும் வெற்றிலை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் அக்குறியீடு கிட்டிற்று. ஆற்று வண்டல் இலைக்குத் தரும் மென்மையைக் கொடிக்கால் உழவர் எக்காலத்தும் அறிவர். சட்டம் அதனை இன்று ஏற்றுள்ளது.

பொருளுக்குக் கிடைத்த இக்காவல் சொல்லுக்கும் வேண்டும். பர்கண்டியின் துண்டு நிலப் பெயரொன்று மறைந்தால் ஒரு சுவை மறைந்ததாக அந்நாட்டார் வருந்துவர். தமிழில் அரியலும் பிழியும் நறவும் தேறலும் ஒரே சொல்லாய்க் குழம்பியபோது மறைந்தது சுவை மட்டுமன்று; மலையில் மூங்கிலையும் கடற்கரையில் பனையையும் அறிந்திருந்த கண்ணும் உடன் மறைந்தது. எதுகைக்காகத் 'தேறல்' என்று எழுதும் கவிஞன், அது தெளிவதற்கு எத்தனை நாள் மண்ணுள் காத்திருந்தது என்பதை அறிந்து எழுதுவானாயின், அச்சொல் மீண்டும் தன் நிலத்தைப் பெறும்.