தேயிலையும் நீரிழிவும்

தேயிலை பானமாவதற்கு முன்னரே மருந்தாயிருந்தது என்பது சீனநாட்டு மரபு. இலங்கை மலைநாட்டிலோ அது வாணிபப் பயிராகவே வேரூன்றியது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கர் நிலத்தில் அதனைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, நுவரெலியா, ஹற்றன் சரிவுகள் தேயிலைத் தோட்டங்களாயின. 1925இல் தொடங்கித் தலவாக்கலையில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் கவலை விளைச்சலும் தரமுமே.

மருந்துக் குணம் சோதனைக்கு வந்தது பின்னராகும். கொழுந்து வாடி, அரைபட்டு, காற்றுப்பட்டுக் கறுக்கும்போது, அதிலுள்ள கட்டெகின்கள் தியாஃபிளேவின், தியாருபிஜின் என்னும் பொருள்களாக மாறுகின்றன. இவையும் உயிரணுக்களைக் கெடுக்கும் ஒட்சியேற்றத்தைத் தடுக்கவல்லன. கொழும்புப் பல்கலைக்கழகத்தாரும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரும் இணைந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கைக் கறுப்புத் தேயிலைச் சாறு எலிகளின் குருதிச் சர்க்கரையைக் குறைத்ததைக் காட்டியது.

எலியிற் கண்டதனை மனிதருக்கும் உரியதென உடனே கொள்ளலாகாது. அச்சோதனைச் சாற்றிற் சீனியில்லை. லயங்களில் அருந்தும் சாயத்தண்ணீரிலோ சீனி மிகுதியாகச் சேர்வதுண்டு. நோயாளர் மருத்துவர் தந்த மருந்தைக் கைவிட்டுத் தேநீரையே நம்புவாராயின் உயிருக்கே இடர் நேரும். மனிதரிடை நன்கு சோதித்துத் தெளியும்வரை தேநீரைப் பானமென்றே கொள்வது அறிவுடைமை. அதையும் சீனியின்றி அருந்துவது நீரிழிவுடையார்க்கு நலம்.