விலைபோகாத மஸ்டாங்குகள்

நடுத்தர அளவான காரில் பெரிய காருக்குரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, இளைஞருக்கு எட்டும் விலையில் விற்றதால் அமெரிக்காவில் உருவானவை 'மசில் கார்'கள். 1964இல் வெளிவந்த பொன்டியாக் ஜிடிஓ அதற்கு வழிதிறந்தது. அக்காலக் கார்கள் சிலவற்றின் இன்றைய விலை மலைக்கவைப்பது. 'புலிட்' திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய 1968ஆம் ஆண்டு மஸ்டாங், 2020 ஜனவரியில் கட்டணங்கள் நீங்கலாக 34 இலட்சம் டொலருக்கு ஏலம்போனது. பெயர் ஒன்றாயின் மதிப்பும் ஒன்றே எனக் கருதிப் பணத்தை முடக்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

போர்ட் நிறுவனம் 1974 முதல் 1978 வரை தயாரித்த மஸ்டாங் 2 இதற்குத் தக்க உதாரணமாகும். பின்ட்டோ என்ற சிறிய காரைத் தழுவி அமைந்த அதற்கு, முதலாண்டில் அமெரிக்காவில் எட்டு சிலிண்டர் எஞ்சினே வழங்கப்படவில்லை. ஆயினும் 1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையால் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மக்களுக்கு அதுவே உகந்ததாயிற்று. முதலாண்டில் மட்டும் 3 இலட்சத்து 85 ஆயிரத்துக்கும் அதிகமானவை விற்பனையாயின. 1975இல் ஐந்து லீற்றர் எஞ்சின் திரும்பியபோதும், புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் அதன் வலு 150 குதிரைவலுவைக்கூட எட்டவில்லை. (1972 முதல் வலுவை அளக்கும் முறையே மாறியதால் இவ்வீழ்ச்சி ஓரளவு மிகையாகத் தோன்றுவதும் உண்மை.)

வலுக்குறைவும் பெருந்தொகையும் சேர, சேகரிப்பாளர் அதனை ஒதுக்கினர். அதன் முன்சக்கரத் தாங்கு அமைப்போ பழைய கார்களை மாற்றியமைப்போருக்கு மிகவும் பிடித்துப்போக, அதற்காகவே பல கார்கள் பிரித்துக் கழிக்கப்பட்டன. அவ்வமைப்பின் நகல்கள் இன்றும் மஸ்டாங் 2 என்ற பெயரிலேயே விற்பனையாகின்றன!

துருவகற்றவும் வர்ணம் பூசவும் ஆகும் செலவு, காரின் புகழைப் பார்த்துக் குறைவதில்லை. அரிய 1969 பொஸ் 429 மஸ்டாங்கில் அச்செலவு மீளக்கூடும். மஸ்டாங் 2இல் மீள்வது அரிது. உதிரிப்பாகங்களும் முதல் தலைமுறைக்குக் கிடைக்குமளவு இதற்குக் கிடைப்பதில்லை.

நான்கு கதவுக் கார்களுக்கும் ஆறு சிலிண்டர் கார்களுக்கும் இதே கதிதான். இவ்விலை இடைவெளியே மோசடிக்கும் இடமளிக்கிறது. 1969 கமாரோவின் அடையாள இலக்கம் எஞ்சினுக்கு ஆறு சிலிண்டரா எட்டா என்பதைச் சொல்லும். உயர்ரக எஸ்எஸ் வகையா என்பதைச் சொல்லாது. சாதாரணக் காருக்குச் சின்னங்களை ஒட்டி விற்பவரிடம் அகப்படாதிருக்க, தொழிற்சாலைக் கால ஆவணங்களைக் கேட்டுப் பார்ப்பதே வழி.

மஸ்டாங் 2 வரிசையிலும் விலக்கு ஒன்றுண்டு. 1978இல் மட்டும் வெளியான கிங் கோப்ராவைத் தேடி வாங்குவோர் இருக்கின்றனர்.