மேலிறக்கையிலிருந்து கீழிறக்கைக்கு: விமானம் மாறும் விமானியின் கண்ணும் கையும்

1. ஆய்வுப் பொருள்

கோடம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் ஆறாவது நிலையம், விமான நிலையத்தை ஒட்டிய மீனம்பாக்கம். சென்னையில் 1930இலேயே மெட்ராஸ் பிளையிங் கிளப் தொடங்கிவிட்டது. 1932 அக்டோபரில் விமானி நெவில் வின்சென்ட் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகத் தபால் கொண்டுவந்த புஸ் மோத், மேலிறக்கை விமானம், அதாவது இறக்கை விமானியின் தலைக்கு மேலே அமைந்தது; கீழிறக்கையில் அது அவர் இருக்கைக்குக் கீழே இருக்கும். பின்னாளில் பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் இரு வகையையும் செய்தது: 1951இல் முதலில் பறந்த எச்.டி.-2 கீழிறக்கை, 1958இன் புஷ்பக் மேலிறக்கை.

ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் ஏறும்போது பறக்கும் இயற்பியல் மாறுவதில்லை. கண்ணுக்கு மறைவான இடம் மாறிவிடுகிறது. கையோ பழைய பழக்கத்திலேயே இருக்கிறது. இடர் இங்கேதான் என்பது என் துணிபு.

2. பார்வை

கோடம்பாக்கம் மேம்பாலத்துக்கு மேலே பறப்பதாகக் கொள்வோம். நேராகச் செல்லும் மேலிறக்கை விமானத்திலிருந்து பாலமும் தண்டவாளமும் தடையின்றித் தெரியும். வானிலிருந்து படம்பிடிக்க ஒளிப்பதிவாளர்கள் இவ்வகையை விரும்புவது இதனால்தான். இடப்பக்கம் திரும்பினாலோ இடது இறக்கை தாழ்ந்து, போகவேண்டிய திசையையே மூடிவிடும். ஆகவே திரும்புமுன் அந்த இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழிறக்கையில் திருப்பத்தின் உட்புறம் திறந்து தெரியும். நேரே செல்கையில் காலடி நிலம் மறையும்.

ஒரே ஓடுபாதைக்கு இறங்கும் இரண்டில், மேலே கீழிறக்கையும் கீழே மேலிறக்கையும் அமைந்தால் ஒருவரை ஒருவர் காணவே முடியாது. வானொலியில் தன் இடத்தைச் சொல்வதை நான் உயிர்காப்பாகவே கருதுகிறேன்.

3. எரிபொருள்

இதுவே தலையாய பிரிவு. மேலிறக்கையான செஸ்னா 172இல் டேங்குகள் தலைக்கு மேல். கார்புரேட்டர் கொண்ட மாதிரிகளில் பெட்ரோல் தன் எடையாலேயே இன்ஜினுக்கு இறங்கும். டேங்கைத் தேர்ந்தெடுக்கும் குமிழை ‘இரண்டும்’ என்ற நிலையில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். கீழிறக்கையான பைப்பர் செரோக்கியில் டேங்குகள் தாழ்ந்த இறக்கையில் இருப்பதால் பம்பு இழுத்தாக வேண்டும். இரண்டையும் ஒருங்கே திறந்தால், ஒன்று காலியானதும் பம்பு காற்றை உறிஞ்சும். அதனால் அங்கே இடது, வலது என்ற தனித்தனி நிலைகள் உண்டு, ‘இரண்டும்’ கிடையாது. செஸ்னாவில் வளர்ந்த கை குமிழைத் தொடாமலே இருந்தால், ஒரு டேங்க் நிறைந்திருக்கும்போதே இன்ஜின் அடங்கிவிடும். நினைவை நம்பக்கூடாது, அரைமணிக்கு ஒருமுறை மாற்றி, நேரத்தைத் தாளில் குறிக்க வேண்டும். விமானம் மேலேறும்போதும் தரையிறங்கும்போதும் துணைக்கு மின்பம்பும் ஓடவேண்டும்.

4. தரையருகே

தரைக்கு நெருங்கிய இறக்கையின் கீழ் காற்றுமெத்தை வலுவாக உணரப்படும். வேகம் சற்று மிகுந்தால் செரோக்கி மிதந்துகொண்டே ஓடுபாதையைத் தின்றுவிடும்.

செஸ்னாவுக்கு இருபுறமும் கதவு. செரோக்கிக்கு வலப்பக்கம் ஒன்றே. விமானி முதலில் ஏறிக் கடைசியில் இறங்குவார். அந்தக் கதவின் மேல்தாழையும் பக்கத்தாழையும் திறக்கும் முறையைப் பக்கத்தில் அமர்பவருக்கு, இன்ஜினைக் கிளப்புமுன் கையால் செய்துகாட்ட வேண்டும்.