மாவுப்பூச்சி வந்த வழி



இந்த வருடத்தில் மட்டும் நம் பிள்ளைகள் நான்கு பேர் எனக்கு ஒரே மாதிரியான படத்தை அனுப்பியிருக்கிறார்கள். ஒருத்தி சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில், ஒருவன் சார்ஜாவில், இரண்டு பேர் சென்னையில். ஜன்னல் ஓரத்தில் பிளாஸ்டிக் குழாய், அதில் மண்ணே இல்லாமல் சத்து நீரில் வளரும் புதினா, கீரை, தக்காளி. தண்டும் இலையும் சேரும் இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை. கேள்வியும் ஒன்றுதான்: "டீச்சர், இதுக்கு எதை அடிக்க?"

அது மாவுப்பூச்சி. இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நான் இரண்டு வரியில் நிறுத்துகிற ஆள் இல்லை என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பூச்சிக் கூட்டத்துக்கும் நம் கடற்கரைக்கும் இருநூறு வருடத்துக்கும் மேலான கொடுக்கல் வாங்கல் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் எதை அடிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது விளங்கும்.

தேரிக்காட்டுப் பக்கம் போனால் சப்பாத்திக்கள்ளியைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பூ, கருஞ்சிவப்புப் பழம். பழத்தைத் தரையில் தேய்த்து முள்ளை எடுத்துவிட்டுத் தின்று, நாக்கைச் சிவப்பாக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்து நின்றவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் உண்டு! அந்தக் கள்ளி மட்டையில் சில இடங்களில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருக்கும். ஒரு குச்சியால் நசுக்கினால் ரத்தம்போலச் சிவப்பு வரும். அதுதான் கொச்சினீல் பூச்சி. மாவுப்பூச்சிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். (மழை பெய்ததும் மண்ணில் சிவப்பு வெல்வெட்டாக ஊர்ந்துவரும் தம்பலப்பூச்சி வேறு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கள்ளியும் அதன் பூச்சியும் நம் மண்ணில் பிறந்தவை அல்ல, இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அசல் கொச்சினீல் மெக்சிகோவில் ஸ்பெயின்காரர்களுக்குப் பொன் காய்ச்சும் மரமாக இருந்தது. ஒரு பவுண்டு சாயத்துக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் சிவப்புச் சட்டைக்கும் சாயம் வேண்டும், அதைப் பகைவனிடம் விலை கொடுத்து வாங்கவும் மனம் இல்லை. சென்னையில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780-களில் இதைக் கையில் எடுத்தார். சென்னைக் கடற்கரைப் புல்லில் தென்பட்ட ஒரு பூச்சியை இதுதான் கொச்சினீல் என்று நம்பி இங்கிலாந்துக்குக் கடிதங்கள் எழுதினார். அது அதுவல்ல. ஆனாலும் மனிதர் விடவில்லை, சைதாப்பேட்டையில் பூச்சி வளர்ப்பதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் உருவாயிற்று. பூச்சி வருவதற்கு முன்பே அதற்குச் சாப்பாடு தயார்.

1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து பூச்சி ஒட்டிய கள்ளி மட்டைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது மெக்சிகோவின் அசல் அல்ல, சாயம் குறைவான காட்டு இனம். சாய வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்தப் பூச்சி போன இடமெல்லாம் ஒரு வகைக் கள்ளியைத் தின்று தரைமட்டமாக்கியது. நிலத்தை அடைத்துக்கொண்டு விவசாயிகளைப் படுத்திய கள்ளி அது. அதைக் கவனித்தவர்கள் 1836-38 வாக்கில் வேண்டுமென்றே அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1860-களில் அது இலங்கைக்கும் போயிற்று. களையை அழிக்கப் பூச்சியை ஏவுவது உலகத்தில் முதன்முதலாக இங்கேதான் நடந்தது என்று பூச்சியியல் நூல்களில் இன்றும் எழுதுகிறார்கள். நம் பாடப்புத்தகத்தில் இது ஒரு வரிகூட இல்லாதது எனக்கு எப்போதும் குறைதான்.

அதிலும் ஒரு விசேஷம் பாருங்கள். நம் பக்கத்து மஞ்சள் பூ சப்பாத்திக்கள்ளியை அந்தப் பூச்சி தொடவே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் தன் கள்ளியை மட்டும் தின்றது. நம் கள்ளிக்கு வேறொரு கொச்சினீல் இனம் வேண்டியிருந்தது. அது 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்தது. வந்த சில வருடங்களிலேயே தென் மாவட்டங்களில் கள்ளிக்காடுகள் சரிந்தன. பூச்சிகளில் இப்படி நாக்கு வைத்துத் தேர்ந்தெடுத்துத் தின்பவை ஒரு பக்கம். கண்டதை எல்லாம் தின்பவை இன்னொரு பக்கம். உங்கள் ஜன்னலுக்கு வந்திருப்பது பெரும்பாலும் இரண்டாவது ரகம். செம்பருத்தி, கொய்யா, தக்காளி, கறிவேப்பிலை என்று எதிலும் உட்காரும்.

இனி, எதை அடிக்க என்பதற்கு வருகிறேன். நம் முன்னோர் கையில் இருந்தவை சாம்பல், புகையிலைக் கஷாயம், வேப்பெண்ணெய். மாவுப்பூச்சியின் உடம்பில் இருப்பது மாவு இல்லை, மெழுகு. தண்ணீர் அதன்மேல் ஒட்டாது. வேட்டியில் பட்ட எண்ணெய்க்கறையை எது எடுக்குமோ அதுதான் இதையும் எடுக்கும். சோப்பு. நம் மாகாணத்தில் சோப்பு பூச்சி மருந்தானதற்கும் ஒரு கதை உண்டு. சென்னை மாகாண மீன்துறைக்கு அடித்தளம் போட்டவர் சர் ஃபிரடெரிக் நிக்கல்சன். நம் ஊர் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் பார்த்துக்கொண்ட அதே துறைதான். ஜேம்ஸ் ஹார்னல் அந்தத் துறைக்காகத் தூத்துக்குடியில் சிப்பியும் சங்கும் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், மலபார் கரையில் தானூரில் மத்தி மீன் எண்ணெயில் சோப்பு காய்ச்சிப் பார்த்தார்கள். அந்த முயற்சியே 1914-இல் கோழிக்கோட்டு அரசு சோப்புத் தொழிற்சாலையாக வளர்ந்தது. மீன் எண்ணெய்ச் சோப்பைத் தண்ணீரில் கரைத்துக் காப்பித் தோட்டத்தின் செதில் பூச்சிக்கும், பழத்தோட்ட மாவுப்பூச்சிக்கும் தெளித்தார்கள். நாற்றம் தாங்காதாம். இருந்தாலும் வேலை செய்தது.

வீட்டுக்குள் மீன் எண்ணெய் வேண்டாம். சாதாரணக் காதி சோப்பு அல்லது துணி துவைக்கும் பார் சோப்பைச் சீவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி அளவில் கரைத்துக்கொள்ளுங்கள். சலவைப் பவுடர் கூடாது, இலை கருகும். முதலில் ஒரே ஒரு இலையில் போட்டு ஒரு நாள் பாருங்கள். பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷையோ பஞ்சையோ அதில் நனைத்து, வெள்ளை இருக்கும் இடுக்கெல்லாம் துடையுங்கள். அரை மணி கழித்து நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். சத்து நீர்த் தொட்டியை மூடிவிட்டு இதைச் செய்ய வேண்டும். சோப்போ வேப்பெண்ணெயோ தொட்டியில் கலந்தால் வேர் கெட்டுப்போகும். ஒரு தடவையோடு விட்டால் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு பஞ்சுப் பைக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். ஐந்து நாளைக்கு ஒரு தடவை, மூன்று நான்கு தடவை செய்யுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும். ஈரப் பஞ்சைச் சுற்றிவரும் குட்டிக் கறுப்புக் கொசுக்களுக்கு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் போதும்.

நால்வரில் ஒருத்தி, ஊடுருவிப் பாயும் மருந்து ஒன்றின் பெயரைச் சொல்லி, அதைத் தொட்டித் தண்ணீரில் சில சொட்டு விடலாமா, கடைக்காரர் சொன்னார் என்றாள். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. வேண்டவே வேண்டாம் என்று போனிலேயே கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன். காரணத்தை எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். வயலில் மருந்து விழுந்தால் ஒரு பங்கை மண் பிடித்துக்கொள்ளும், மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஒரு பங்கைச் சிதைக்கும், வெயிலும் மழையும் ஒரு பங்கைக் குறைக்கும். தொட்டியில் மண் கிடையாது. வேர் நேராக உறிஞ்சி இலைக்கு அனுப்பும். அந்தக் கீரையை இருபது, இருபத்தைந்து நாளில் பறித்துக் கடைந்து குழந்தைக்கு ஊட்டுகிறோம். என் சின்ன வயதில் எறும்புக்குக் கமாக்சின் பவுடரைக் கடையில் பொட்டலமாகத் தருவார்கள், அரிசிப் பானையைச் சுற்றியே கோடு போட்டார்கள். பி.எச்.சி. என்ற அந்த மருந்து 1997-இல் தடையாயிற்று. டி.டி.டி.யை 1989-இல் விவசாயத்திலிருந்து எடுத்தார்கள். அன்றைக்கு அவற்றை விற்ற கடைக்காரரும் நல்லது என்றுதான் சொன்னார்.

மண்ணில்லா விவசாயம் புதிது என்று நினைக்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் கெரிக் என்ற பேராசிரியர் 1930-களிலேயே செய்துகாட்டி, அதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்று பெயரும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நம் நாட்டில் 1946-இல் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வங்காளத்தின் காலிம்போங்கில் சரளைக்கல்லையும் செங்கல் ஜல்லியையும் வைத்து மலிவாகச் செய்துபார்த்தார்.

வீட்டுக்குள் மண் நோய் குறையும், களை இல்லை. ஆனால் ஒன்று மட்டும் வெளியே நின்றுவிடுகிறது. பூச்சியின் பகைவன். மொட்டைமாடித் தொட்டியில் ஒரு மாவுப்பூச்சி வந்தால் பொறிவண்டும் குளவியும் தேடி வந்துவிடும். கொசுவலை அடித்த ஜன்னலுக்குள் அவை வர வழியில்லை. காற்று, மழை, குருவி எதுவும் இல்லாத அறையில் மாவுப்பூச்சிக்கு ராஜ வாழ்க்கை. பொறிவண்டின் வேலையை அங்கே நீங்கள்தான் செய்ய வேண்டும், காலையில் காப்பி குடிக்கும் நேரத்தில் இலையைத் திருப்பிப் பார்த்து.

அந்தப் பகைவரில் ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன். 1898-இல் காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொறிவண்டைக் கொண்டுவந்தார்கள். கறுப்பு முதுகு, ஆரஞ்சுத் தலை. வந்த காரியத்தில் அது தோற்றது. ஆனால் இங்கேயே தங்கி மாவுப்பூச்சியைத் தின்ன ஆரம்பித்தது. இன்று திராட்சைத் தோட்டத்துக்கு அதைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறார்கள். இதன் புழுவும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூலாக, பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். பால்கனியில் செடி வைத்திருப்பவர்கள், மாவுப்பூச்சிக் கூட்டத்தில் ஒன்று மட்டும் பெரிதாக, வேகமாக நகர்ந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று உங்களில் பலர் கண்ணால் பார்த்தது. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. அதே வருடம் இலங்கையிலும். அடுத்த இரண்டு வருடத்தில் தமிழ்நாட்டில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்து நின்றன. நம் ஊரில் வீட்டு வாசல் செம்பருத்திகூடத் தப்பவில்லை. விவசாயிகள் மருந்துமேல் மருந்தாக அடித்தார்கள். மெழுகுக்குள் இருந்த பூச்சி பிழைத்தது, அதைத் தின்ன வந்தவை செத்தன. தோட்டத்தையே வெட்டிப் போட்டவர்களும் உண்டு. 2010 ஜூலையில் பெங்களூரு ஆய்வகத்தார் அமெரிக்காவின் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, அக்டோபரில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வழியாக விட்டார்கள். அதில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்பது கடுகைவிடச் சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். ஒரு வருடத்துக்குள் பப்பாளி மறுபடி காய்த்தது.

வெளிநாட்டிலிருந்து வரும்போது செடிக்குச்சியைச் சூட்கேஸில் ஒளித்துக் கொண்டுவரும் நம் ஆட்களுக்கு இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். செடியையும் பூச்சியையும் தடுக்கச் சட்டம் நம் நாட்டில் 1914-லேயே வந்துவிட்டது. தூத்துக்குடியில் தாவரத் தனிமைப்படுத்தும் நிலையம் இருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், சரக்கு வரும் மரச் சட்டங்களில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். சூடேற்றியோ மெத்தில் புரோமைடு புகையூட்டியோ பூச்சியைக் கொன்றாயிற்று என்பதற்கு அடையாளம் அது. ஜன்னலுக்கு அந்த அளவு வேண்டாம். சந்தையில் வாங்கிய புதினாத் தண்டை நேரே குழாயில் செருகாமல், ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, வேறு அறையில் ஒரு டம்ளரில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருந்தால் மட்டும் மற்ற செடிகளோடு சேருங்கள். பூ, கறிவேப்பிலைக் கட்டை அந்த ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள்.

வேறு பூச்சி இருந்தால் இலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். மேல்பக்கத்தை எடுத்து அனுப்பினால் எனக்கு ஒன்றும் தெரியாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
தூத்துக்குடி